இரண்டாம் நம்பர் பாட்டில்

சிற்றாற்றைச் சுத்தப்படுத்த நாங்கள் கூடிய முதல் கூட்டம் வடையோடு தொடங்கிச் சாரலோடு முடிந்தது. ஆற்றைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். வடைத்தட்டு பாதி தூரம் வந்திருந்தபோது கீழேயிருந்து ஒருவன், மெயினருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று கத்தினான். அந்த வருஷத்தின் முதல் தண்ணீர். தலைவராக வந்தவரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் படியிறங்கினார். செயலாளன் என்ற முறையில் நான் மட்டும் ஐந்து நிமிஷம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானும் போய்க் குளித்தேன். அடுத்த கூட்டத்தில் போட்ட முதல் தீர்மானமே, சீசன் நாட்களில் எல்லாரும் குளித்த பிறகுதான் கூட்டம் என்பது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல் ஆசிரியர். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. அந்தக் கோடையில் ஆறு வற்றி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. குளித்த பிள்ளைகளுக்கெல்லாம் சொறி வந்தது, பலருக்கு வயிற்றுப்போக்கு. எல்லாரும் தாசில்தாருக்கு மனு எழுதினார்கள். தென்காசிக்காரர்கள் குற்றாலத்து லாட்ஜுகள் மேல் எழுதினார்கள். லாட்ஜ்காரர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் மேல் எழுதினார்கள். எங்கள் தெருக்காரர்கள் கதம்பை ஊறப்போடுகிற ஒரு பெண்மேல் எழுதினார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான்.

கதம்பை என்றால் தேங்காய் உரித்த மட்டை. அதை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் பிரித்துக் கயிறு திரிப்பார்கள். எங்கள் படித்துறைக்குச் சற்றுக் கீழே, ஆற்றோரக் குழிகளில் அந்த அம்மாள் ஊறப்போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆறு பெண்கள் அவளோடு வேலை செய்தார்கள். ஊறல் குழியைக் கிளறினால் கெட்ட வாடை வரும், தண்ணீர் கறுக்கும். அவள் என்னை சார் என்பாள். நான் அவளை நீ என்பேன். அந்தக் காலத்தில் அது எனக்கு உறுத்தவில்லை.

தாசில்தார் மனுப்போட்ட எல்லாரையும் ஒரே நாளில் வரச்சொல்லி, எல்லா மனுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டினார். நாலாவது மனுவுக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவர், "எல்லாரும் ஒரே ஆத்தப் பத்தித்தான் எழுதியிருக்கீக. உக்காந்து பேசி ஒரே காயிதமா எழுதிக் கொண்டாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தா மேல அனுப்புதேன். இல்லேன்னா இதெல்லாத்தையும் கட்டிப் பரண்ல போட்டுருவேன்" என்றார்.

அப்படித்தான் அந்தக் கூட்டங்கள் வந்தன. ஹாலும் வடையும் அந்த லாட்ஜ்காரருடையவை. நன்றாகச் சாப்பிடுகிற, சாப்பிட வைக்கிற மனிதர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னைச் செயலாளனாக்கினார்கள்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் ஒருவர் வருவார். ஆளைப் பார்த்தால் பயில்வான், குரல் மட்டும் குழந்தைக் குரல். கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்ற சண்டையை அவர்தான் தீர்த்தார். சாக்பீஸ் வாங்கி ஹாலின் தரையில் ஜன்னலிலிருந்து வாசல்வரை ஆற்றை வளைத்து வளைத்து வரைந்தார். ஜன்னல் பக்கம் அருவி, வாசல் பக்கம் தென்காசி. அவரவர் ஆற்றில் எங்கே இருக்கிறார்களோ அங்கே உட்கார வேண்டும். அதன்படி என் இடம் ஹாலின் நடுவில். எனக்கு அடுத்துக் கீழே கதம்பைக்கார அம்மாள். வடைத்தட்டும் அருவியிலிருந்தே புறப்படும். வாசலுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒன்றும் இருக்காது. "ஆத்துல மட்டுமில்ல, வடையிலயும் எங்களுக்கு மிச்சம்தானா வே?" என்று தென்காசிக்காரர் ஒருவர் கேட்டார். அதிலிருந்து தட்டு வாசலில் தொடங்கி மேலே ஏறியது. இரண்டாவது தீர்மானம் அது.

சிரிப்பு வந்த பிறகு பேச்சும் வந்தது. எண்ணெய்க்காரர், தான் தேய்க்கிற எண்ணெய் முழுவதும் ஆற்றில்தான் போகிறது என்று தானாகவே சொன்னார். தேய்த்த ஆளைக் கொஞ்ச நேரம் உட்கார்த்தி, மரத்தூள் போட்டுத் துடைத்து அனுப்பலாம் என்றும் சொன்னார். லாட்ஜ்காரர் தன் சமையற்கட்டுக் கழிவுநீர் எந்த மதகு வழியாக இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்தார். கதம்பைக்கார அம்மாள் தன் குழிகளை நான்கு வட்டங்களாகப் போட்டாள். என் முறை வந்தபோது நான் எங்கள் தெருவுக்குப் படித்துறையை மட்டும் வரைந்தேன். வீட்டுக்கு வீடு துணி துவைக்கிற சோப்புத் தண்ணீர் கொஞ்சம் வரும் என்றேன்.

நான் வரையாமல் விட்டது இது. அதற்கு முந்திய வருஷம் என் வீட்டில் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டினேன். ஆள் வந்து அள்ளுகிற பழைய எடுப்புக் கக்கூஸை ஒழித்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமை. தெருவில் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்களிடம் பேசி அவர்களையும் கட்டவைத்தேன். ஆனால் கழிவுத்தொட்டி கட்டவில்லை. கொல்லையில் பாறை, தோண்டினால் என் மனைவியின் மல்லிகைப் பந்தல் போய்விடும். குழாயைத் தெருச்சாக்கடையில் சேர்க்கும்படி கொத்தனாரிடம் நானே சொன்னேன். சாக்கடை படித்துறைக்குக் கீழே, ஒரு மருதமரத்தடியில் ஆற்றில் இறங்கியது. ஆறு வீடுகளின் குழாய் அது.

யாருடைய அழுக்கு எவ்வளவு என்று பார்க்கத் தண்ணீர் எடுத்துச் சோதிக்கலாம் என்று சொன்னவனும் நான்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருந்தது. அதில் இரண்டு சொட்டு விட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். கழிவு கலந்த தண்ணீரானால் நிறம் சீக்கிரம் மங்கிப் பழுப்பாகும். படித்தவர் படிக்காதவர் எல்லாரும் கண்ணால் பார்க்கலாம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மூன்று இடங்கள் முடிவாயின. ஒன்றாம் நம்பர் பாட்டில் லாட்ஜுகளைத் தாண்டி. இரண்டாம் நம்பர், எங்கள் தெருவைத் தாண்டி, மருதமரத்தடியில். மூன்றாம் நம்பர், கதம்பைக் குழிகளைத் தாண்டி. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அம்மாளின் கணக்கு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ளது எங்கள் தெருவின் கணக்கு. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நான் போய் நிரப்பி வருவதாக ஏற்பாடு.

முதல் சனிக்கிழமை சைக்கிளில் போனேன். ஒன்றாம் பாட்டிலை நிரப்பினேன். மருதமரத்தடிக்கு வந்து குனிந்தேன். சாக்கடை என்ன கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நிமிர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி மேலே நடந்தேன். படித்துறையையும் தாண்டி, மொத்தம் எண்பது தப்படி. அங்கே தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. இரண்டாம் பாட்டிலை அங்கே நிரப்பி, 'மருதமரம்' என்று சீட்டு ஒட்டினேன். பிறகு குழிகளுக்குக் கீழே போய் மூன்றாவதை நிரப்பினேன்.

அன்று சாயங்காலம் ஹாலில் மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிச் சொட்டு விட்டேன். ஒன்று ரோஸாகவே நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது, ஒரு வடையைத் தின்று முடிக்கிற நேரத்தில் பழுப்பாயிற்று. எல்லாத் தலைகளும் அந்த அம்மாள் பக்கம் திரும்பின. அவள் எழுந்து வந்தாள். டம்ளர்களைப் பார்க்கவில்லை. மீதித் தண்ணீர் இருந்த பாட்டில்களின் மூடியைத் திறந்து மூன்றாவதை முகர்ந்தாள். பிறகு இரண்டாவதை முகர்ந்தாள். மறுபடி மூன்றாவதை.

"சார், இது ரெண்டையும் எப்ப ரொப்புனீக?"

காலை ஏழு மணி வாக்கில் என்றேன்.

"சனிக்கெழம ஏழு மணிக்கு ஒங்க தெரு ஆம்பளைய பூராவும் படித்துறையில எண்ணெ தேச்சிக் குளிச்சிக்கிட்டுல்லா இருப்பாக? மூணுல சீயக்கா வாசம் மூக்கத் தொளைக்கி. ரெண்டுல ஒண்ணையும் காணும். படித்துறைக்குக் கீழ எடுத்த தண்ணியில இல்லாத சீயக்கா, அதுக்கும் கீழ எப்படி வந்துச்சு? எங் கதம்பைக்கா நான் எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுதேன்?"

ஹால் முழுவதும் சிரித்தது. பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று காலை எண்ணெய் பூசிய இருபது முதுகுகளைத் தாண்டித்தான் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். பெர்மாங்கனேட்டையெல்லாம் யோசித்த மூளைக்குச் சீயக்காய் தோன்றவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாறாக, 'ஓட்ட விலக்கம்' என்று ஒரு வார்த்தையைச் சொன்னேன். சோப்பும் சீயக்காயும் கரையோரமாகவே போகும், நடு ஆற்றில் எடுத்தால் தெரியாது, கீழே ஆறு திரும்பும் இடத்தில்தான் கலக்கும் என்று விளக்கினேன். அப்படி ஒரு வார்த்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நின்ற இடத்தில் நான் உண்டாக்கியது. வாசல் பக்கத்து ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊறல் குழிகளைச் சீசன் முடியும்வரை காலிசெய்ய வேண்டும் என்று லாட்ஜ்காரர் தீர்மானம் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சரியென்றாள். "எடுத்துருதேன். நாலு மாசம் ஊறுனதப் பாதியில எடுத்தா நாரு பிரியாது, அடுப்புக்குத்தான் ஆவும். அது எம் பாடு. ஆனா ஒண்ணு. நான் எடுத்த பொறவும் மூணாம் பாட்டிலு இப்படியே இருந்துச்சுன்னா என்ன செய்வீக?"

"அப்பம் திரும்பவும் உக்காருவோம் தாயி" என்றார் லாட்ஜ்காரர்.

"அத எழுதுங்க சார்."

எழுதினேன். மூன்று வண்டிக் கதம்பை கரையேறியதைப் படித்துறையில் நின்று பார்த்தேன். கறுத்துப்போய், தண்ணீர் சொட்டச் சொட்டப் போயிற்று. அந்த ஆறு பெண்களும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்கு அடுத்த நாள் வேலை இல்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்றாம் பாட்டில் மறுபடி பழுப்பாயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமையும். இரண்டாம் பாட்டிலை நான் அதே மேல் இடத்திலேயே நிரப்பி வந்தேன். ஆகவே அழுக்கு எங்கள் தெருவுக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்கிருந்தோ முளைத்துக்கொண்டிருந்தது. ஹாலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆற்றுக்கு அடியில் ஊற்று இருக்கிறது என்றார் ஒருவர். குழி காலியானாலும் அதன் ஆவி போகாது என்றார் இன்னொருவர். மூன்றாவது வாரம் எண்ணெய்க்காரர் தன் குழந்தைக் குரலில், "சார் ஒத்தையில போயி ஒத்தையில வாராரு. அவருக்கும் கஷ்டம். இந்தவாட்டி எல்லாருமாப் போவோமே. ஒரு பிக்னிக் மாதிரி இருக்கும்லா" என்றார்.

பிக்னிக் மாதிரியேதான் இருந்தது. சனிக்கிழமை காலை சாரல் தூவிக்கொண்டிருந்தது. குற்றாலத்திலிருந்து ஆற்றோரமாக நாற்பது பேர் நடந்தோம். லாட்ஜ்காரர் ஒரு தூக்குவாளியில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார், காப்பியை மட்டும் சிந்தவிடவில்லை. கதம்பைக்கார அம்மாள் தன் ஆறு பெண்களையும் கூட்டிவந்திருந்தாள். எங்கள் படித்துறைக்கு வந்தபோது கோவணத்தோடு எண்ணெய் மினுமினுக்க நின்ற எங்கள் தெரு ஆண்கள், பெண்கள் வருவதைப் பார்த்து மொத்தமாகத் தண்ணீருக்குள் குதித்தார்கள். கழுத்துக்குமேல் இருபது தலைகள் மட்டும் தெரிந்தன. "தலைய எண்ணிக்கோங்கட்டி, எதையாவது ஆறு கொண்டுட்டுப் போயிரப் போவுது" என்றாள் அவள். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. மருதமரம் வந்துவிட்டது. எல்லாரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சாக்கடை விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணெய்க்காரர் பாட்டிலை நிரப்பினார். இது யார் வீட்டுத் தண்ணீர் என்று லாட்ஜ்காரர் கேட்டார்.

"முதல் வீடு என்னுது" என்றேன்.

தண்ணீருக்குள் இருந்த தலைகளில் ஒன்று, "எங்களுக்கும் சாருதான் குழா வைக்கச் சொன்னாக" என்றது. பிறகு லாட்ஜ்காரர் மெதுவாக, "அப்பம் இத்தன வாரமா ரெண்டாம் பாட்டில எங்கன ரொப்புனீக?" என்றார்.

மேலே, என்றேன். இடம் தவறிப்போயிற்று என்றேன்.

கதம்பைக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தவறியிருக்கும் அண்ணாச்சி. இங்கன மருதமரம் நெறைய நிக்கில்லா, சாருக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அந்தக் கரையில் அந்த ஒரு மருதமரம்தான் உண்டு. அவளுடைய பெண்கள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், வாத்தியாரும் மனுஷன்தானே என்று முடித்துவிட்டார்கள். பொய்யன் என்பதைவிட மறதிக்காரன் என்ற பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

படித்துறையிலேயே சொட்டு விட்டுப் பார்த்தோம். இரண்டும் மூன்றும் ஒன்றுபோல் மங்கின. அவள் குழிகளுக்கு இனித் தடையில்லை என்று லாட்ஜ்காரர் அங்கேயே அறிவித்தார். ஆனால் அவள் அதை அப்படியே ஏற்கவில்லை. "குழியில கதம்ப கெடந்தா மூணு இன்னும் கொஞ்சம் கூடத்தான் மங்கும். நான் இல்லங்கல. எம் பங்க எம் பேருல எழுதுங்க. அடுத்தவுக பங்க எம் பேருல எழுதாதீக."

தாசில்தாருக்குக் கொடுத்த திட்டத்தில் இருந்ததெல்லாம் கடைசியில் அதுதான். ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே சொல்லி, அதற்குத் தாமே வழி சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். நாற்பது பேர் முன்னால் சொன்னதை யாராலும் பிறகு மாற்ற முடியவில்லை. முடிய மூன்று சீசன் ஆயிற்று, எண்பதுகள் வந்துவிட்டன. எண்ணெய்க்காரர்கள் கரையிலிருந்து தள்ளி மரத்தூள் மேடை போட்டுக்கொண்டார்கள். லாட்ஜ்களில் வண்டல் தொட்டி வந்தது. எங்கள் தெருவில் ஆறு வீடுகளிலும் பாறையை உடைத்துத் தொட்டி கட்டினோம். மல்லிகைப் பந்தலைப் பிடுங்கின அன்று என் மனைவி, "ஆத்துல விடும்போது ஒங்களுக்கு வேதியியல் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள்.

கதம்பைக்கு ஆற்றிலிருந்து எட்டப் புறம்போக்கில் புதுக்குழிகள் வெட்டினார்கள். ஊறல் தண்ணீர் ஆற்றுக்கு வராமல் பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் பாயும்படி ஏற்பாடு. அதுவும் அவள் சொன்ன வழிதான். முதல் கதம்பையை இறக்கின அன்று நான் போயிருந்தேன். அவள் தனியாக நின்றபோது சொன்னேன்: இடம் தவறவில்லை, தெரிந்தேதான் மாற்றினேன்.

"தெரியும் சார். ஏழு மணிக்கு நீங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டுத் திரும்பி மேல போனத நான் குழியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

பிறகு ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்புவாகளா, நீங்க சொன்னா நம்புவாகளா? அதான் சீயக்காயச் சொல்ல வச்சேன்." கதம்பையைக் காலால் அமுக்கிக்கொண்டே, "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னைக்குக் கையத் தூக்குனாகள்லா, அவுககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். அதன்பின் வருஷத்துக்கு நாலு கூட்டம் நடந்தது, எட்டு வருஷம் நானே செயலாளன். நோட்டில் 'இடம் தவறியதால்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்த பக்கத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் புரட்டிக் கடந்தேன். சொல்லவில்லை. கையைத் தூக்கியவர்களில் இப்போது மிஞ்சியவர்கள் சிலர்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் தொழில் பிழைத்தது. ஆனால் அந்த ஆறு பெண்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. மறுபடி போட்ட கதம்பை ஊறி வரும்வரை வேலையில்லாதிருந்த மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்குச் சுரண்டைப் பக்கம் பீடி சுற்றப் போனவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து, சுரண்டையிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அந்த இருவரில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, பக்கத்திலிருந்தவளை நகரச் சொல்லி இடம் பண்ணினாள்.

"உக்காருங்க சார். ஏட்டி, இவுக யாருன்னு தெரியுமா? எங்க ஆத்தச் சுத்தம் பண்ணுனதே இந்த சாருதான்."

பக்கத்திலிருந்தவள் என்னை மரியாதையாகப் பார்த்தாள். பீடி சுற்றுகிற தொழிலில் இருமல் பிடித்துவிட்டது, மற்றபடி சௌக்கியம் என்று எனக்கு இடம் பண்ணியவள் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். தென்காசி வரும்வரை உட்கார்ந்தே வந்தேன்.